தெருவை அழைத்த எழுத்து

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள சிற்றூர் டூ ரிவர்ஸ். ஜே. எட்வர்ட் ஹாமில்டன் 1880இல் இங்கேதான் மர அச்செழுத்துத் தொழிலைத் தொடங்கினார். இன்று அந்தப் பெயரில் இயங்கும் அருங்காட்சியகத்தில் பதினைந்து லட்சம் மர எழுத்துகள் இருக்கின்றன. அங்கே நான் முதலில் கேட்டது கிளாரெண்டன் என்ற எழுத்துவகையின் இழுப்பறையைத்தான்.

பருத்த தண்டு, அதன் நுனிகளில் கட்டையான குறுக்குக் கோடாக செரிஃப், இரண்டும் சேருமிடத்தில் இதமான வளைவு. லண்டனில் 1845இல் ராபர்ட் பெஸ்லியின் எழுத்து வார்ப்பகத்துக்காக பெஞ்சமின் ஃபாக்ஸ் வெட்டிய முதல் கிளாரெண்டன் சுவரொட்டிக்கானதல்ல. அகராதி போன்ற நூல்களில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டுவதற்கானது. மூன்றாண்டுப் பதிவுரிமை முடிந்ததும் ஆளாளுக்கு நகலெடுத்தார்கள். அமெரிக்க மர எழுத்துக்காரர்கள் அதை ஊதிப் பெருக்கினார்கள். தலையும் அடியும் தண்டைவிடப் பருத்த ஃபிரெஞ்ச் கிளாரெண்டன் சர்க்கஸ் விளம்பரங்களில் ஏறியது.

ஏன் மரம்? பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் பாரம் தாங்காது. ஆறும்போது எழுத்தின் முகப்பும் சீராக அமையாது. ஹாமில்டனுக்கு வெகு முன்பே, 1827இல், நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் இயந்திரத்தால் மர எழுத்து வெட்டும் வழியைக் கண்டிருந்தார்.

வெட்டும் முறையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மேப்பிள் மரத்தைக் குறுக்காக அறுத்து, நன்றாக உலர்த்தி, கண்ணாடிபோல் இழைக்கிறார்கள். நார் மேல்நோக்கி நிற்பதால்தான் அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தை அது தாங்குகிறது. பாண்டோகிராஃப் என்ற நகலெடுக்கும் கருவியின் ஒரு முனை மாதிரி எழுத்தின் விளிம்பைத் தொட்டு நகர, மறுமுனையில் சுழலும் உளி அதே வடிவத்தைச் சிறிதாக்கி வெட்டுகிறது. உளி வட்டமானது, உள்மூலைகள் மழுங்கி நிற்கும். அவற்றைக் கத்தியால் கூராக்குவது கைவேலை. ஹாமில்டன் ஆலையில் அந்த வேலையைப் பெண்களும் செய்திருக்கிறார்கள். கட்டையின் உயரம் 0.918 அங்குலம், இம்மி குறைந்தாலும் மை ஒட்டாது.

1999இல் அருங்காட்சியகம் தொடங்கிய பிறகு, ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் வந்து இந்த வித்தையை இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே மிக அரிய பொருள் அதுதான் என்பேன். கட்டைகளைப் பாதுகாக்க அலமாரி போதும். உளி எங்கே தயங்கவேண்டும் என்பது கையோடு போய்விடும்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் சாலைப் பலகைகளிலும் கிளாரெண்டன் நெடுங்காலம் இருந்தது. இப்போது கணினியில் 'பழைய பாணி' என்று விற்கும் பல எழுத்துருக்களில் கீறலையும் தேய்மானத்தையும் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். மர எழுத்தை வெட்டியவர்கள் விரும்பியது அதுவல்ல. திட்டுத் திட்டாக இல்லாத, அடர்ந்த, முழுக் கறுப்பைத்தான் அவர்கள் தேடினார்கள்.

சுவரொட்டியோ புத்தக அட்டையோ வடிவமைப்பவர்கள் கிளாரெண்டனை இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும், பெரிய அளவில் பயன்படுத்துங்கள். சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்கள். பத்தி பத்தியாக இதில் அடுக்காதீர்கள், கண் களைத்துப்போகும்.