பள்ளிவாசல் ஜன்னல்களும் தண்ணீர்க் கம்பும்: எது தேவை, எது மிகை?



தெற்கு இலண்டனில் தமிழ் பேசும் குடும்பங்கள் கூடித் தொழும் சிறிய பள்ளிவாசல் எங்களுடையது. கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலுமாகப் பதினான்கு ஜன்னல்கள் உள்ளன. மாதம் ஒருமுறை அவற்றைத் துடைத்து வைக்கும் பணியை ஜமாஅத்தில் நாங்கள் நால்வர் ஏற்றிருக்கிறோம். எங்களில் மூத்தவருக்கு அறுபத்து மூன்று வயது. வாளியும் துணியுமாக அவர் ஏணியில் ஏறுவதைக் காணும்போதெல்லாம் கீழே நிற்பவர்கள் துஆ ஓதிக்கொண்டே நிற்பார்கள். பிரிட்டனில் 2005-இல் வந்த 'உயரத்தில் பணிபுரிதல்' விதிகளும், இயன்றவரை உயரத்தில் ஏறாமலே வேலையை முடிக்க வேண்டும் என்பதையே முதற்படியாக வைக்கின்றன. ஆகவே, சகோதரர் ஒருவர் தாம் தொழிலில் பயன்படுத்திய 6 மீட்டர் 'வாட்டர் ஃபெட் போல்' ஒன்றைப் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்தபோது நாங்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தோம்.

இக்கருவியை அறியாதோருக்காக ஒரு சிறு விளக்கம். ஒன்றினுள் ஒன்றாகச் செருகி நீட்டக்கூடிய கம்பு அது. நுனியில் ஒரு பிரஷ் இருக்கும். கம்பின் வழியே செல்லும் மெல்லிய குழாய் பிரஷ்ஷுக்கு நீரைக் கொண்டு சேர்க்கும். தரையில் நின்றபடியே கண்ணாடியைத் தேய்த்து அலசிவிட்டு, துடைக்காமல் அப்படியே உலர விடலாம். நீரில் உப்புகள் கரைந்திருந்தால் உலர்ந்தபின் வெண்புள்ளிகள் படியும். எனவே அந்த உப்புகளை முன்னதாகவே நீக்கிய தூயநீர் இதற்கு வேண்டும்.

கம்பு இலவசமாக வந்தது. துணைக்கருவிகள் அப்படி வரவில்லை. விற்பனைப் பட்டியலைத் திறந்தால் பிரஷ்ஷில் பத்து வகை, பீச்சுமுனையில் பல வகை, வளைகழுத்துகள், வால்வுகள், வடிகட்டிகள் என்று நீண்டுகொண்டே போகிறது. நிர்வாகம் எங்களுக்கு ஒதுக்கிய தொகை 300 பவுன். ஜும்ஆ உண்டியலில் சில்லறையாகச் சேர்ந்த பணம் அது. எங்கள் கையில் அது ஓர் அமானத். ஆகவே மனம் விரும்பியதை வாங்கும் உரிமை எங்களுக்கு இல்லை என்பதை முதலில் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

மனிதத் தேவைகளை ளரூரிய்யாத், ஹாஜிய்யாத், தஹ்ஸீனிய்யாத் என மூன்று படிகளாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்முஸ்தஸ்ஃபா' நூலில் வகுத்திருப்பதை நம்மில் பலர் மதரஸாவில் கேட்டிருப்போம். இன்றியமையாதவை, சிரமத்தை நீக்குபவை, அழகு சேர்ப்பவை என்று அவற்றைத் தமிழில் கூறலாம். மார்க்கத்தின் பெரிய நோக்கங்களுக்காகச் சொல்லப்பட்ட அவ்வரிசையை ஒரு கடைப்பட்டியலின் மீது வைத்துப் பார்ப்பதும் பயனுடையதாகவே இருந்தது.

முதலாவது, நீர். எங்கள் பகுதிக் குழாய் நீரில் டி.டி.எஸ். மீட்டர் 300-ஐ ஒட்டிய அளவைக் காட்டியது. கண்ணாடியில் புள்ளி விழாதிருக்க அது பூஜ்யமாகவோ, 10-க்குள்ளாகவோ இருக்க வேண்டும். இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று ஆர்.ஓ. வடிகட்டி, மற்றொன்று ரெசின் நிரப்பிய கலன். எங்களில் இளையவர் ஆர்.ஓ. போதும் என்றார், வீட்டிலும் அதைத்தானே வைத்திருக்கிறோம் என்பது அவர் வாதம். ஆனால் ஆர்.ஓ. ஒரு லிட்டர் தூயநீர் தரும்போது ஏறத்தாழ இன்னொரு லிட்டரை, பல வேளைகளில் அதற்கும் மேலாக, கழிவாக வெளியேற்றும். ரெசின் கலனில் அக்கழிவு இல்லை. ஆனால் ரெசின் தீர்ந்ததும் மாற்ற வேண்டும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான லிட்டர் செலவழிக்கும் தொழிலாளிக்கு ரெசின் மட்டுமே என்றால் செலவு தாங்காது, அவருக்கு ஆர்.ஓ. நியாயமானது. நாங்கள் மாதம் ஒருமுறை செலவழிப்பது ஏறத்தாழ 80 லிட்டர். எங்கள் கடின நீருக்கு 11 லிட்டர் ரெசின் கலன் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் தரும். அது ஓராண்டுக்குக் கிட்டத்தட்டப் போதுமானது. ஆகவே கலனைத் தேர்ந்தோம். ரெசின் தீர்ந்ததைக் கண்ணால் அறிய முடியாது. மீன்வாடை போன்ற ஒரு நாற்றம் எழலாம், அதற்குள் கண்ணாடியும் கெட்டிருக்கும். எனவே கையடக்க மீட்டரும் இன்றியமையாதவற்றில் சேர்ந்தது.

இரண்டாவது, பிரஷ். வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. இத்தொழிலில் பெயர்பெற்ற பிரஷ்களில் ஒன்று 'போர்ஸ் ஹேர்' எனப்படுவது. அதாவது பன்றி முடியால் ஆனது. அழுக்கை நன்றாகப் பற்றும், கண்ணாடியில் வழுக்கிச் செல்லும் என்று அதைப் புகழ்வார்கள். செயற்கை இழையோடு பன்றி முடியைக் கலந்த 'ஹைபிரிட்' பிரஷ்களும் உண்டு. சிலவற்றின் மீது 'நேச்சுரல்' என்ற சொல் மட்டுமே இருக்கும். நம் மக்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டிலும் பன்றி தன்னளவிலேயே நஜீஸ். அதன் முடியைப் பற்றி மாலிக்கி மத்ஹபில் வேறு கருத்து உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் நிலைபெற்ற கருத்தின்படி, அந்த நஜீஸ் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். இந்தப் பிரஷ்ஷோ நீரில் நனைந்தபடியே வேலை செய்வது. அதிலிருந்து சொட்டும் நீர் பள்ளியின் சுவரிலும், வாசற்படியிலும், அதைப் பிடித்திருப்பவர் ஆடையிலும் தெறிக்கும். அந்த ஆடையோடுதான் அவர் லுஹர் ஜமாஅத்தில் நிற்பார்.

நைலான் போன்ற செயற்கை இழைப் பிரஷ்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. மாதந்தோறும் கழுவும் கண்ணாடிக்கு அவையே போதும். முழுவதும் செயற்கை இழைதானா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்தபின்பே வாங்கினோம். இத்தொழிலை வாழ்வாதாரமாகக் கொண்ட சகோதரர்களும், பழைய கருவிகளை விலைக்கு வாங்குவோரும் இதை ஒருமுறை விசாரித்துக்கொள்வது நலம். ஐயமிருப்பின் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம்.

மூன்றாவது, கம்பின் அடிப்பக்கத்தில் கை எட்டும் இடத்தில் பொருத்தும் சிறிய அடைப்பு வால்வு. பட்டியலில் இதை ஒரு வசதியாகவே காட்டுகிறார்கள். நாங்கள் இதை இன்றியமையாததாக எடுத்துக்கொண்டோம். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் நீர் ஓடுகிறது என்று கொள்வோம். ஒரு ஜன்னலை முடித்து மறு ஜன்னலுக்குக் கம்பைச் சுமந்து செல்ல ஒரு நிமிடம் ஆகிறது. பதினான்கு ஜன்னல்களுக்கு 20 லிட்டரை நெருங்கிய நீர் வெறுந்தரையில் கொட்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் பதிவாகியிருக்கிறது. ஒரு முத்து என்பது ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். அவ்வளவில் இருபது பேர் ஒளூச் செய்யும் நீரை, அல்லாஹ்வின் இல்லத்தைச் சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் நாமே வீணாக்கலாமா? வால்வை மூடும்போது குழாயின் முழு அழுத்தமும் கலனின் மீதும் இணைப்புகளின் மீதும் ஏறும். ஆகவே இணைப்புகளை இறுகப் பூட்ட வேண்டும். நீண்ட இடைவேளையில் குழாயையே அடைத்துவிட வேண்டும்.

அடுத்து, சிரமத்தை நீக்குபவை. பின்புறத்து மேல்தள ஜன்னல்கள் சாய்கூரைக்குப் பின்னே உள்வாங்கி இருக்கின்றன. கோணம் மாற்றும் வளைகழுத்து இல்லையேல் பிரஷ் அங்கே கண்ணாடியில் படியாது. ஆனால் கம்பின் நுனியில் ஏறும் ஒவ்வொரு கிராமும், கம்பைச் சாய்க்கும்போது பல மடங்காகத் தோளில் இறங்கும். அறுபத்து மூன்று வயதுத் தோளை எண்ணி, நீளமானதை விடுத்துக் குட்டையான வளைகழுத்தையே வாங்கினோம்.

பீச்சுமுனைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கண்ணாடியில் நீரைத் தெளித்தால் அது தாளாகப் படர்கிறதா, முத்து முத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். படர்ந்தால் மெல்லிய தாரையாகப் பீச்சும் 'பென்சில்' முனையே போதும். முத்தாக நின்றால் விசிறிபோல் விரிக்கும் 'ஃபேன்' முனை அலசுவதற்கு உதவும். எங்கள் கண்ணாடியில் நீர் நன்றாகப் படர்ந்தது. பிரஷ்ஷோடு வந்த முனைகளையே வைத்துக்கொண்டோம்.

அலசுவதற்கென்று தனிச் சட்டம், முதுகில் சுமக்கும் நீர்த்தொட்டி, மின்விசைப் பம்பு, கம்பியில்லாக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை மூன்றாம் படியில் நின்றன. அவற்றில் குறையொன்றும் இல்லை. நாள்தோறும் முப்பது வீடுகளுக்குச் செல்பவருக்கு அவையே இரண்டாம் படியாகலாம். பதினான்கு ஜன்னல்களுக்கு அவை மிகை. ஒதுக்கிய தொகையில் மிஞ்சியதை நிர்வாகத்திடமே திருப்பிக் கொடுத்தோம்.

விலைகொடுத்து வாங்க முடியாத சில ஒழுங்குகளும் இப்பணிக்கு உண்டு. கார்பன் இழைக் கம்பில் மின்சாரம் பாயும். ஆகவே மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் கம்பை நீட்டுவதே இல்லை. குழாய் நடைபாதையில் கிடக்கும்போது ஒருவர் காவலாக நிற்கிறார். தொழுகைக்கு மக்கள் வரத் தொடங்குமுன் குழாயைச் சுருட்டிவிடுகிறோம். உறைபனி நாட்களில் கழுவுவதில்லை. அன்று நாம் சிந்தும் நீர் இரவில் பனிக்கட்டியாகி, ஃபஜ்ருக்கு வரும் முதியவர் ஒருவரை வழுக்கி வீழ்த்தக்கூடும். ஜன்னல் ஒரு மாதம் மங்கலாக இருந்தால் யாருக்கும் தீங்கில்லை.

இவ்வளவு சிறிய காரியத்துக்கு இத்தனை ஆலோசனையா என்று சிலர் வியந்தார்கள். பொதுப்பணத்தில் வாங்கும் பொருள் எதுவாயினும் நாம் கேட்க வேண்டியவை மூன்று என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. இது தூய்மையானதா? இதனால் ஏதும் வீணாகிறதா? இதைச் சுமக்கும் மனிதரின் உடலுக்கு இது இலேசா, பாரமா? நம் வீடுகளில் ஒரு பொருள் வாங்கும்போதும் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு இம்மூன்றையும் கேட்டுப் பார்க்கலாம். விலையை மட்டும் பார்க்கும் பழக்கத்திலிருந்து அது அவர்களைக் காக்கும், இன்ஷா அல்லாஹ்.

இச்சிறு பணியை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.