இரண்டு தணிகைமணிகள்

தணிகைமணி என்று யாராவது சொன்னால் எனக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் வ. சு. செங்கல்வராய பிள்ளை. பதிவுத் துறையில் வேலை பார்த்தவர், தேவாரத்துக்கு ஒளிநெறி என்ற பொருளடைவு எழுதியவர். தணிகைமணி என்பது அவருக்கு வழங்கிய பட்டம். மற்றவர் கணபதி தணிகைமணி. தாவரவியல்காரர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மகரந்தத் துகள்களை ஆராய்ந்தவர். தேவாரத்துக்காகத்தான் நான் அந்த நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். மகரந்தக்காரரின் பெயர் அங்கே ஓர் அலமாரியில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. முதலில் தேவாரத் தணிகைமணியின் புத்தகம் என்று நினைத்து எடுத்தேன். பிரித்தால் பிரெஞ்சுத் தலைப்பு, உள்ளே செடிகொடிகளின் லத்தீன் பெயர்கள்.

அந்த இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். செயின்ட் லூயி தெருவில் கடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய கட்டடம். 1955-ல் நிறுவனம் தொடங்கியபோது தலைமையேற்ற ழான் ஃபிலியோசா கண் மருத்துவர். மருத்துவம் பார்த்துக்கொண்டே சமஸ்கிருதமும் திபெத்திய மொழியும் தமிழும் படித்தவர். இந்திய மருத்துவத்தின் வரலாற்றைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவர் தலைவராக இருந்ததால்தானோ என்னவோ, சைவ ஆகமச் சுவடிகளுக்கும் காடுகளின் வரைபடங்களுக்கும் அங்கே ஒரே கூரை கிடைத்தது. பின்னாளில் சமூக அறிவியலும் வந்து சேர்ந்தது. தேநீர் நேரத்தில் ஒரு பக்கம் கிரந்த எழுத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும், இன்னொரு பக்கம் குடகுக் காட்டு மரங்களைப் பற்றி. இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள் சுமார் 11,000. 2005-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓர் ஏட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், படிப்பது எவ்வளவு பாடு என்று. தமிழ் ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும். காலும் ரகரமும் குழப்பும். எழுத்தாணிக் கீறலில் கரி தடவினால்தான் எழுத்து தெரியும். ஒரு வரிக்கு நான்கு ஏடு நான்கு பாடம் சொல்லும். எது மூலம் என்று தீர்மானிக்க யாப்பு தெரிய வேண்டும், இலக்கணம் தெரிய வேண்டும், பொருளும் பொருந்த வேண்டும். தி. வே. கோபாலையர் அப்படி உட்கார்ந்து பார்த்ததுதான், ஃபிரான்சுவா குரோவின் துணையோடு 1984 முதல் வெளிவந்த தேவாரப் பதிப்பு.

மகரந்த ஆய்வுக்கூடத்தில் நடப்பது வேறு. சேறோ மண்ணோ கொஞ்சம் எடுத்து அமிலத்தில் போடுவார்கள். சுண்ணாம்பு கரையும், மணல் கரையும், மற்றதெல்லாம் போகும். மகரந்தத்தின் மேலுறை மட்டும் கரையாது. ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள் அமிலத்தையும் ஆயிரம் ஆண்டுகளையும் தாங்கி நிற்கும் என்பதை இன்றைக்கும் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன். மிச்சத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். புல் மகரந்தம் உருண்டை, ஒரே ஒரு துளை. கண்டல் மரத்தினது வேறு. சில நூறு துகளை எண்ணி முடித்தால் அந்தச் சேறு படிந்த காலத்தில் சுற்றிலும் என்ன விளைந்தது என்று சொல்லிவிடலாம்.

நீலகிரிக்கு எப்போது போனாலும் எனக்கு இந்தக் கூடத்தின் ஞாபகம் வரும். அங்கே சோலைக்காட்டுக்கு நடுவே விரிந்து கிடக்கும் புல்வெளி இயற்கையாக உண்டானதா, மனிதர் காட்டை எரித்து உண்டாக்கியதா என்று வெகுகாலம் வாதம் நடந்தது. உறைபனியை மரக்கன்று தாங்காது, அதனால்தான் புல் என்று இதே நிறுவனத்தில் இருந்த மெஹர்-ஹோம்ஜி எழுதினார். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில், மக்கிப் படிந்த சதுப்பு மண்ணின் மகரந்தத்தை வசந்தி ஆராய்ந்தார். 1988-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. 1993-ல் யானை ஆய்வாளர் ஆர். சுகுமாரும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துக்காரர்களும் சேர்ந்து நீலகிரிச் சதுப்பு மண்ணில் உள்ள கார்பனை அளந்தார்கள். வறட்சி தாங்கும் ஒருவகைப் புல்லில் கனமான கார்பன் சற்றுக் கூடுதலாகத் தங்கும். அதை வைத்து 20,000 ஆண்டுகளில் புல் எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று கணக்கிட முடிந்தது. மேய்ச்சல் தொடங்குவதற்கு வெகு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது.

தோடர்களின் எருமைகள் மேய்ந்த அந்த நிலத்தைத்தான் வீண்நிலம் என்று எண்ணிச் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டார்கள். தாவரவியல், இயற்பியல், மானிடவியல், வரலாறு, இத்தனையும் ஒரே மேசைக்கு முன்பே வந்திருந்தால் அந்தப் புல்வெளி இவ்வளவு அழிந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். தோடர்களைப் பற்றி 1906-ல் விரிவான நூல் எழுதிய ரிவர்ஸும் ஒரு மருத்துவர்தான். ஃபிலியோசாவைச் சொல்லும்போதெல்லாம் அவரும் கூடவே வந்துவிடுகிறார்.

மகரந்தத் தணிகைமணியின் அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். உலகத்தில் எந்தப் பூச்செடியின் மகரந்தத்தை யார், எந்தக் கட்டுரையில் விவரித்திருக்கிறார்கள் என்று திரட்டிய அட்டவணை அது. 1972-ல் தொடங்கித் தொகுதி தொகுதியாக வந்தது. இணையம் இல்லாத காலம். ஒவ்வொரு கட்டுரையையும் வரவழைத்துப் படித்து, தாவரத்தின் பெயரைச் சரிபார்த்து எழுத வேண்டும். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் 73 விமானத்தில் அவர் இருந்தார். சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். வயது 48. கண்டல் காட்டு மகரந்தத்தைப் பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது.

செங்கல்வராய பிள்ளை செய்ததும் இதே வேலைதான். சம்பந்தர் எந்தெந்தப் பறவையைப் பாடினார், அப்பர் எந்தெந்த மரத்தைச் சொன்னார் என்று கேட்டால் ஒளிநெறியைத் திறந்தால் போதும், பதிகமும் பாட்டும் எண்ணோடு கிடைக்கும். தேவாரத்தில் வரும் கொன்றையையும் வன்னியையும் பற்றி எழுத வேண்டிய ஒரு தாவரவியல் மாணவருக்கு அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். ஓர் ஒளிநெறி இல்லையென்றால் அவர் எட்டாயிரம் பாட்டுக்கும் மேல் புரட்டியிருக்க வேண்டும். துறைகள் எத்தனை விதமாக இருந்தாலும், ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்குள் நுழைவதற்கான வாசலைத் திறந்து வைப்பவர்கள் இப்படி அட்டவணை செய்தவர்கள்தான். அவர்களை இரண்டாம் தர அறிஞர்களாக நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேரளப் பல்கலைக்கழகத்தில் வ. அய். சுப்பிரமணியம் இதை அறிந்திருந்தார். 1962-ல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டவர் அவர். தம் மாணவர்களையும் சங்க நூல்களுக்கு இலக்கணமும் சொல்லடைவும் செய்ய வைத்தார். முனைவர் பட்டத்துக்கு அதுவே போதும் என்று இருந்த காலம் அது. இப்போது அந்த வழக்கம் தேய்ந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு சுவடித் தொகுப்பின் விளக்க அட்டவணையையோ, ஒரு மாவட்டத்தின் தாவரப் பட்டியலையோ, ஒரு நூலின் சொல்லடைவையோ ஒரு மாணவர் பிழையில்லாமல் செய்து கொண்டுவந்தால், அதை ஆய்வேடாக ஏற்றுப் பட்டம் கொடுங்கள்.