ஏழாம் இலக்கச் சட்டை

இறந்தவனின் இடத்தை நிரப்புவது அவனை மறப்பதாகுமா? இவ்வினாவை நான் மெய்யியல் வகுப்பிலே சந்திக்கவில்லை. விளையாட்டு மைதானத்திலேயே சந்தித்தேன். எமது பீட உதைபந்தாட்ட அணியின் முன்வரிசையில் ஆடிய என் நண்பன் காய்ச்சலால் மறைந்து மூன்று மாதங்கள் கழிந்திருந்தன. புதிதாக வந்த பயிற்றுநர், அவன் அணிந்த ஏழாம் இலக்கச் சட்டையை முதலாம் வருட மாணவன் ஒருவனிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அம்மாணவனுக்கு நான் பந்தை அனுப்பியதில்லை.

அக்காலத்திலேதான் அமெரிக்காவின் மார்ஷல் பல்கலைக்கழக அணியின் வரலாற்றை அறிந்தேன். அவர்கள் ஆடுவது காலினும் கைக்கே மிகுதியாக வேலை தரும் வேறொரு காற்பந்து. 1970 நவம்பர் 14ஆம் திகதி, போட்டியொன்றில் தோற்றுத் திரும்பிய அவ்வணியின் விமானம், மேற்கு வேர்ஜீனியாவில் ஹண்டிங்டன் நகருக்கு அருகே வீழ்ந்து நொறுங்கியது. அதிலிருந்த 75 பேரில் ஒருவரும் பிழைத்திலர். வீரர் 37 பேரும் தலைமைப் பயிற்றுநரும் அவர்களுள் அடங்குவர்.

அணியையே கைவிட்டுவிடலாமா என்ற எண்ணமும் அங்கு எழுந்தது. எனினும், 1971இல் ஜாக் லெங்கியெல் என்பார் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றார். அன்று விமானத்திற் செல்லாததால் எஞ்சிய வீரர் மிகச் சிலரே. ஏனையோருட் பலர் புதுமுக மாணவர். முதலாம் வருட மாணவர் பல்கலைக்கழகத்தின் முதல் அணியில் ஆடுவதற்கு அந்நாளில் விதி இடங்கொடாமையால், சிறப்பு அனுமதி பெறவேண்டியதாயிற்று. மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பொபி பவுடன், தம் அணியின் ஆட்டமுறைகளை அவர்கள் கற்க வழிவிட்டார். 1971 செப்டெம்பர் 25இல், சொந்த மைதானத்தில் ஆடிய முதலாட்டத்திலே, சேவியர் அணியை இறுதிக் கணத்தில் 15-13 என வென்றனர்.

வரலாறு இவ்விடத்தில் முடிந்திருப்பின் அது திரைப்படத்திற்கே பொருந்தும். 2006இல் அவ்வாறொரு படமும் வந்தது. ஆனால் அப்பருவத்தில் அவர்கள் வென்றவை இரண்டு, தோற்றவை எட்டு. லெங்கியெலின் நான்கு பருவங்களில் வெற்றி 9, தோல்வி 33. தோல்வியினும் வெற்றி மிகுந்த பருவமொன்றைக் காண, அப்பல்கலைக்கழகம் 1984 வரை காத்திருந்தது. பட்டியலை மாத்திரம் நோக்குவோர் அவரைத் தோற்ற பயிற்றுநர் என்பர். தோற்பதற்கேனும் ஓர் அணி வேண்டும். அதனை உண்டாக்கியதே அவர் பணி. அப்பல்கலைக்கழக வளவிலுள்ள நினைவு நீரூற்று ஆண்டுதோறும் நவம்பர் 14இல் நிறுத்தப்பட்டு, இளவேனிலில் மீண்டும் திறக்கப்படுகிறது. ஆடியவர்கள் மறந்திலர், நினைந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திலர்.

துயரம் என்று நான் எண்ணியிருந்தது, என் நண்பனை ஒருநாளும் கண்டிராத ஒருவன்மீது நான் சுமத்திய தண்டனையே என்பது அப்போது புலனாயிற்று.

அடுத்த போட்டியில் பந்தை அவன் காலுக்கு அனுப்பினேன். அவன் தவறவிட்டான். நாம் தோற்றோம். மைதானத்தை விட்டு வருகையில், "அண்ணா, அவர் எப்படி விளையாடுவார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அன்றிரவு விடுதி வாயிலில் நெடுநேரம் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.