பதினாலு கையெழுத்து

2004-ல் லாஸ்பேட்டை ஏர்போர்ட் ரோட்டில் சின்னதாக ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். தாகூர் கலைக்கல்லூரி பிள்ளைகளின் புராஜெக்ட்தான் பிழைப்பு.

ஒருநாள் ராத்திரி ஷட்டரை இறக்கும்போது, வானூர் பக்கம் கல்குவாரி எடுத்திருந்த ஒருத்தர் வந்தார். "தம்பி, இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்களாம். பதினாலு பேருக்கு டிரெய்னிங் குடுத்த மாதிரி ரிஜிஸ்டர் அடிச்சுக் குடு."

"கல்லு உடைக்க எதுக்குண்ணே டிரெய்னிங்?"

"சட்டப்படி அதுவும் சுரங்கம்தானாம். என்னா பண்றது!"

பெயர், வயசு, தொடங்கிய தேதி, முடிந்த தேதி. தேதியெல்லாம் நான் போட்டதுதான். ஞாயிற்றுக்கிழமை வராமல் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அதில் ஒரு பெருமை வேறு! இருநூறு ரூபாய் கிடைத்தது.

எட்டு மாசம் இருக்கும். ஒரு அம்மா பழைய ஜெராக்ஸ் தாள் ஒன்றை நீட்டினார். "மூணு காப்பி போடுப்பா. வக்கீல் கேட்டாரு."

நான் போட்ட கட்டம். நான் போட்ட தேதி.

முதல்நாள் வெடிக்காமல் கிடந்த மருந்து. அது தெரியாமல் அதே குழியில் மறுபடி துளை போட்டிருக்கிறார் அவர் வீட்டுக்காரர். வலது கையில் மூணு விரல் போய்விட்டது.

"பாடம் நடத்துனோம், கையெழுத்துப் போட்டான், மீறுனது அவன் தப்புங்கறாங்க. அவருக்குக் கையெழுத்தே தெரியாதுப்பா... கைநாட்டுதான்."

காசு வாங்காமல் காப்பி கொடுத்தேன். வாய் திறக்கவில்லை.

நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவிடம் அன்று ராத்திரி சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டார்.

"1966-லேயே பயிற்சிக்குன்னு தனி விதி போட்டாங்கடா. வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி பயிற்சி, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மருத்துவப் பரிசோதனை... இதெல்லாம் ஃபைலுக்காகன்னு நெனச்சியா? 1975 டிசம்பர் 27, தன்பாத் பக்கம் சாஸ்நாலா சுரங்கத்துல தண்ணி உடைச்சுக்கிட்டு வந்து 375 பேர் போனாங்க. ஒவ்வொரு விதிக்குப் பின்னாடியும் அப்படி யாராவது செத்திருப்பான். பழைய குழியில துளை போடாதேங்கறது வெடி வேலையில மொதப் பாடம். அதைச் சொல்லிக் குடுக்க அரை மணி நேரம் ஆகுமா? அந்த அரை மணி நேரத்தை நீ இருநூறு ரூபாய்க்கு வித்துட்ட."

அந்த ஃபைல் என் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. பயிற்சி முடிந்ததாகப் போட்ட தேதிக்கு மூணு மாசம் கழித்து உருவான ஃபைல். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் பயம். வாடிக்கையாளர் பகை, கோர்ட், போலீஸ்... பதினோரு நாள் யோசித்தேன். பன்னிரண்டாம் நாள் வக்கீல் வீட்டுக்குப் போனேன்.

"முந்தாநாள்தான் சமரசம் ஆச்சு தம்பி. குடுத்ததை வாங்கிக்கிட்டாங்க. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

1952-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. சட்டம் மாறலாம். காகிதத்தைப் பாடமாக்குவதும் பொய்யாக்குவதும் அதை நிரப்புகிற கைதான்.

இப்போதும் கடைக்கு யாராவது வந்து, "பழைய தேதி போட்டுக் குடுங்க சார்" என்பார்கள். "பயிற்சி நடந்துச்சா?" என்று கேட்பேன். முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள்.

போகட்டும். என் வலது கையில் ஐந்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா நீட்டிய தாள் ஞாபகத்துக்கு வருகிறது.