ஜப்பான் மொழி படிக்க ஆசைப்படுற பிள்ளைங்களுக்கு

எங்க தெருப் பொண்ணு. கீழ்பென்னாத்தூர்லதான் பிளஸ் டூ.

"அண்ணா, க்யூட் பரீட்சைக்கு ஜப்பான் மொழி எடுக்கலாமா?"ன்னு கேட்டா.

கையில கோடு போட்ட நோட்டு. ஹிராகானா எழுத்து 46-ம் பென்சில்ல, வரிசை வரிசையா.
யூடியூப் பாத்தே கத்துக்கிட்டிருக்கா!

அவகிட்ட சொன்னதை இங்கயும் சொல்றேன்.

மத்தியப் பல்கலைக்கழகங்கள்ல சேர எழுதுற பரீட்சைதான் க்யூட். 2022-ல அது வந்தப்போ 33 மொழி இருந்துச்சு. ஜப்பானியமும் அதுல ஒண்ணு.
2025-ல 13 ஆக்கிட்டாங்க. தமிழ் இருக்கு. ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன் எதுவும் இல்ல.

அதுக்காக மனசு விட்டுடாதீங்க.

டெல்லி ஜே.என்.யூ.வுல பி.ஏ. ஜப்பானியம் இருக்கு. மொழி தெரியாம போனாலும் அடிப்படையில இருந்து சொல்லித் தருவாங்க.

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கற ஜே.எல்.பி.டி. தேர்வு சென்னையிலயே எழுதலாம். ஜூலை, டிசம்பர்ல நடக்கும். என்5 முதல் படி, என்1 கடைசிப் படி.

தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில வர்ற மொழி ஜப்பானியம். நம்ம பிள்ளைங்களுக்கு வாக்கியம் சட்டுனு பிடிபடும். கஷ்டமெல்லாம் கான்ஜி எழுத்துலதான். அன்றாடப் புழக்கத்துக்குன்னு அரசாங்கம் வச்சிருக்கற பட்டியல்லயே 2,136 இருக்கு.

எனக்கு ஒரே ஆதங்கம். நேர்ல உக்காந்து படிக்கணும்னா செஞ்சி, திண்டிவனம் தாண்டி சென்னைக்குப் போகணும். எந்த வீட்ல அனுப்புவாங்க?

ஆசையோட வர்ற பிள்ளைகிட்ட "இதெல்லாம் நமக்கெதுக்கு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

திருவண்ணாமலை பக்கம் ஜப்பானியம் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லித் தருவீங்களா?