தீம்புளி

பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து மக்கள் வெளியேறும் இரவு நேரத்தில் திருப்பூர் வீதிகளுக்கென்று ஒரு மணம் உண்டு. தள்ளுவண்டிகளின் இரும்பு வாணலியில் கருகும் பூண்டும், அதன்மேல் சொரியப்படும் வினிகரும், செந்நிறச் சாறும் கலந்தெழும் மணம் அது. பன்னிரண்டு மணி நேரம் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த உடலுக்குப் புளிப்பும் இனிப்பும் ஒருசேரத் தேவைப்படுகின்றன போலும். கல்லூரியில் தமிழ் கற்பித்துக் காலம் தள்ளும் நாங்களும் அச்சுவைக்கு அயலார் அல்லர். ஆயின், புட்டியில் வரும் சாற்றின் நிறம் மிகையாகத் தோன்றியதால், அதை வீட்டிலேயே செய்துகொள்வது எங்கள் வழக்கமாயிற்று.

இச்சாற்றின் மூலம் சீனத்துக் கான்டன் சமையல். நம் நாட்டில் அதற்கு இடம் தந்தது கல்கத்தா. டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டு வாழ்ந்த ஹக்கா சீனர்கள் வங்காளத்து நாவுக்கு ஏற்பத் தம் உணவில் மிளகாயையும் மசாலாவையும் கூட்டினர். 1975இல் பம்பாயில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அந்த வழியில் வந்ததே நம் தள்ளுவண்டிச் சாறும். பிழைப்புக்காகப் பெயர்ந்தவர்கள் உருவாக்கிய சுவையைப் பிழைப்புக்காகப் பெயர்ந்து வந்தவர்களே இங்கே நின்று உண்கிறார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு வினிகரின் வாடை வேறொன்றையும் நினைவூட்டும். வினிகரின் உயிர்ப்பொருளாகிய அசிட்டிக் அமிலம் சாயப்பட்டறைகளில் அன்றாடம் புழங்குவது. ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு காரநீரில் வெளுத்த துணியில் தங்கிவிட்ட காரத்தை ஆற்ற அந்த அமிலத்தையே சேர்க்கிறார்கள். சாயநீர் நொய்யலை என்ன செய்தது என்பதும், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் இவ்வூரார் மறக்கக்கூடியவை அல்ல. பட்டறை அமிலம் உண்ணத்தக்கதன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் கடையில் மலிவாகக் கிடைக்கும் வினிகர் பலவும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்துச் செய்யப்படுபவையே. 'சிந்தெடிக்' என்று சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். அது சட்டப்படி விற்கப்படும் பொருள்தான். ஆனாலும் அந்த வாடை எங்களுக்குச் சமையலறையை நினைவூட்டவில்லை. எனவே புளிக்குத் திரும்பினோம்.

செய்முறை எளிது. எலுமிச்சை அளவு புளியை ஒரு குவளை வெந்நீரில் அரைமணி ஊறவைத்துக் கரைத்து வடித்துக்கொள்ள வேண்டும். சிறிது எண்ணெயில் பொடியாக அரிந்த இஞ்சி, பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வதக்கி, அரைத்த தக்காளி இரண்டைச் சேர்த்துச் சுண்டவிட வேண்டும். பிறகு புளிக்கரைசல், அரைக்கரண்டி உப்பு. பச்சை வாடை போகுமட்டும் கொதிக்கட்டும். வினிகரின் அமிலம் சூட்டில் ஆவியாகிப் போகும்; ஆகவே அதை இறுதியில் சேர்ப்பார்கள். புளியின் டார்டாரிக் அமிலமோ அப்படி ஓடிப்போவதில்லை. எவ்வளவு கொதித்தாலும் புளிப்பு நிற்கும். அதன்பின் மூன்று மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை. கவுந்தப்பாடிச் சர்க்கரையாயின் நிறமும் தானே வந்துவிடும். கடைசியாக ஒரு சிறுகரண்டி சோளமாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஓரிரு நிமிடம் கிளறி இறக்கிவிடலாம். சுடுநீரில் கரைத்தால் மாவு கட்டி தட்டும். புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் குழைவு உடைந்து மீண்டும் நீர்த்துவிடும். எவர்சில்வர்ப் பாத்திரமே ஏற்றது. ஆறியபின் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

இவ்வாறு புளியும் சர்க்கரையும் கொதிக்கும் வாடைதான் எங்கள் வீட்டை ஒட்டிய லைன் வீட்டிலிருந்து ஒரு பெண்ணை வாசலுக்கு அழைத்து வந்தது. ஒடிசாவிலிருந்து வந்து செக்கிங் வேலை பார்த்தவள், கணவன் சாயப்பட்டறையில். எட்டிப் பார்த்து, "அக்கா, கட்டாவா?" என்று கேட்டாள். ஒடியாவில் 'கட்டா' என்றால் புளிப்பு. சோற்றோடு உண்ணும் இனிப்புப் புளிப்புத் தொடுகறிக்கும் அதுவே பெயர். தக்காளியும் பேரீச்சையும் வெல்லமும் சேர்த்து வேகவைத்து, கடுகு, சீரகம், வெந்தயம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் ஆகிய ஐந்தையும் தாளித்துக் கொட்டுவார்களாம். அடுத்த ஞாயிறு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து தந்தாள். நாங்கள் சித்திரை முதல் நாளின் வேப்பம்பூ மாங்காய்ப் பச்சடியைப் பற்றிச் சொன்னோம். "கசப்பும் போடுவீங்களா!" என்று வியந்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. எங்களுக்கு ஒடியா அறவே தெரியாது. கிண்ணங்கள் மட்டும் தடையின்றிப் போய்வந்தன.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து திருப்பூரிலும் விசாரித்துச் சென்றது. ஆனால் மறுப்பைக் காட்டிலும் பொய்க்குக் கால்கள் மிகுதி. அந்த வாரம் லைன் வீட்டின் கதவுகள் அந்தியிலேயே தாழிடப்பட்டன. அவள் தன் செல்பேசியை எங்களிடம் நீட்டினாள். எங்கோ, எவரையோ, எவரோ அடிக்கும் காட்சி. "இது இங்கே நடந்ததில்லை, கண்ணு" என்றோம். அவள் நம்பினாள், ஊரிலிருந்த அவள் தாய் நம்பவில்லை. நான்காம் நாள் இருவரும் பைகளோடு இரயில் நிலையத்துக்குப் புறப்பட்டார்கள். ஒரு கிண்ணம் சாறு அச்சத்தை வென்றது என்று இங்கே எழுத முடிந்தால் நன்றாக இருக்கும், அது நடக்கவில்லை. வழிக்கென்று நாங்கள் தந்த சிறு புட்டியை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

குறுந்தொகையின் 167ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். கூடலூர் கிழார் பாடியது. மணமாகிச் சென்ற மகள் எப்படி இருக்கிறாளோ என்று தாய்க்குக் கவலை. செவிலி நேரில் போய்ப் பார்த்து வந்து, அவள் அடுப்படிப் புகையில் நின்று தன் கையால் சமைத்ததையும், கணவன் சுவைத்துப் பாராட்டியபோது அவள் முகம் மெல்ல மலர்ந்ததையும் சொல்கிறாள். அவள் சமைத்த உணவைக் குறிக்கப் புலவர் ஆளும் சொல் 'தீம்புளி'. தீம் என்பது அங்கே 'இனிய' என்னும் பொருளது. புளிப்பும் தயிரின் புளிப்பு. வெல்லம் சேர்ந்தது என்று கொள்ள இடமில்லை. ஆயினும் எங்கள் வீட்டுச் சாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அப்பாடலை நடத்தும்போது சமையலைக் காட்டிலும் செவிலியே எங்கள் கண்ணில் படுகிறாள். தொலைவிலுள்ள தாய்க்கு வேண்டியது, கண்ணால் கண்டு வந்து உள்ளதைச் சொல்லும் ஒருவர். நம் லைன் வீடுகளுக்குச் செவிலி இல்லை, செல்பேசி இருக்கிறது, அதில் எது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

அவ்வாண்டு ஆடியில் அவர்கள் திரும்பி வந்தார்கள்; வேறொரு லைன் வீட்டுக்கு. ஒரு ஞாயிறன்று அழைத்தாள். "புளி எவ்வளவு நேரம் ஊறணும், அக்கா?" அரைமணி என்றோம். பின்னணியில் இன்னொரு பெண்குரல் ஒடியாவில் ஏதோ கேட்டது. "அம்மா வந்திருக்காங்க, அக்கா, ஊர் பார்க்க" என்றாள்.