அண்டா ஒடஞ்சிருச்சு

"அண்ணா, அண்டா ஒடஞ்சிருச்சு" என்று அவன் வந்து நின்றபோது நான் பேனாவைப் போட்டுவிட்டுச் சமையல் கொட்டகைக்கு ஓடினேன். பண்ணை ஆட்கள் அத்தனை பேருக்கும் சோறு வடிக்க இருந்தது ஒரே அண்டா. அது அடுப்பின் மேல் பத்திரமாகத்தான் உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே வந்தவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். விரலிடுக்கில் மஞ்சள் கரு வழிந்தது. ஒடியாவில் அண்டா என்றால் முட்டையாம்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் நான் கணக்கு எழுதிய காலம் அது. ஷெட் வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்காமல் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அட்டைக்கு முப்பது முட்டை. உடைசல் கணக்கில் தகராறு வந்தால் அவர்கள் தங்களுக்குள் என்னவோ சொல்லிச் சிரிப்பார்கள். என்னைப் பற்றித்தான் என்று எனக்கு உறுதியான சந்தேகம். ஒடியா கற்றுக்கொள்ளும் ஆசை அப்படி வந்தது. அண்டா உடைத்தவனுக்கு வேண்டியது இங்கிலீஷ். ஹோட்டலில், முன்னால் நின்று பேசுகிற வேலைக்குப் போகவேண்டும். சாயங்காலம் அரை மணி அவனுக்கு, அரை மணி எனக்கு என்று பேசிக்கொண்டோம். "ஃபீஸ் எவ்வளவுங்கண்ணா?" என்றான். டீ வாங்கிக் கொடு என்றேன்.

வாத்தியார் வேலை எனக்குத் தெரியாது. தமிழ் மீடியத்தில் படித்து, பில்லும் லெட்டரும் எழுதிப் பழகிய இங்கிலீஷ் என்னுடையது. தைரியத்துக்கு ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டேன். (அந்த ரென், பாலைவனப் பட்டாளக் கதைகள் எழுதிய நாவலாசிரியர். அது முன்பே தெரிந்திருந்தால் நாவலையே வாங்கியிருப்பேன்.) இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டேன். நான் 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்றதை அவன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இதுல 'ஃபார்'னு போட்டிருக்குதுங்களே" என்றான். இருபது வருஷமாக லெட்டர்களில் 'சின்ஸ்' எழுதி அனுப்பியவன் நான்.

அவனுக்கு 'ஹி'யும் 'ஷி'யும்தான் தொல்லை. அம்மாவை 'ஹி' என்பான், தங்கச்சி வீட்டுக்காரரை 'ஷி' என்பான். ஒரு நாள், புயல் காற்றில் கூரை போய், அவன் அம்மா தனியாக ஏறி வேய்ந்த கதையை இங்கிலீஷில் ஆரம்பித்தான். ஒவ்வொரு 'ஹி'க்கும் நான் 'ஷி, ஷி' என்று குறுக்கே விழுந்தேன். அம்மா ஏணியில் பாதி ஏறியிருந்தபோது கதை நின்றுபோனது. "போதுமுங்கண்ணா" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். நாலு நாள் வரவில்லை.

நாலு நாளும் எனக்கு எட்டாம் வகுப்பு ஞாபகமாகவே இருந்தது. 'ஐலண்ட்' என்பதை, எழுத்தைப் பார்த்து 'இஸ்லண்ட்' என்று வாசித்தேன். எழுதியிருப்பதைத்தானே படித்தேன்? சார் அதையே நாலு முறை சொல்லவைத்தார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதற்கப்புறம் பத்தாவது முடியும்வரை இங்கிலீஷ் வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது இன்னொரு பையனும் ஞாபகத்துக்கு வந்தான். பண்ணை வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியும். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு வேலூரில் அறுவை செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தது அந்த மலைமேல்தான். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் அங்கே தங்கி ஊழியம் செய்தவர். காய்ச்சலில் 1929-இல் அங்கேயே இறந்தார். மகனை ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை அந்தப் பையன் மலைப் பிள்ளைகளோடுதான் ஆடித் திரிந்தான். அவன் காதில் தமிழை ஏற்றிய அந்தப் பிள்ளைகளில் ஒருத்தரும் பி.எட். முடித்திருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் நானே ஷெட்டுக்குப் போனேன். "அம்மா கூரையிலிருந்து எறங்கினாங்களா இல்லையா?" என்றேன். சிரித்துவிட்டான். அன்றைக்குத்தான் ஒடியாவில் 'சே' என்ற ஒரே சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று தெரிந்துகொண்டேன். வினையிலும் ஆண்பால் பெண்பால் கிடையாது. மரியாதைக்கு மட்டும் வினை மாறும். தமிழிலும் 'அவங்க வந்தாங்க' என்று நாம் சொன்னால் வந்தது மாமனாரா மாமியாரா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாள் அதை யோசிக்கவே இல்லை.

பிறகு குறுக்கே பேசுவதை விட்டேன். பழைய பில்லின் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொள்வேன். கதை முடிந்தபின் இரண்டே இரண்டு தப்பைச் சொல்வேன், மற்றது கிடக்கட்டும். சில சமயம் அவன் சொன்னதையே சரியாகத் திருப்பிக் கேட்பேன். "ஷி கிளைம்ட்?" "யெஸ், ஷி கிளைம்ட்!" என்று தானாகத் திருத்திக்கொண்டு மேலே போவான். இதில் என் அரை மணி தேய்ந்து பத்து நிமிஷமாகிவிட்டது. அந்தக் கடன் இன்னும் பாக்கி.

ஹோட்டல் வேலை கிடைத்துப் போய்விட்டான். போன மாசம் போனில் குரல் பதிவு வந்தது. தயங்காத, வேகமான இங்கிலீஷ். நடுவில், "மை மதர், ஹி இஸ் ஃபைன்." நான் அதைத் திருத்தவில்லை. என்னிடம் மிஞ்சியிருந்த ஒடியாவைத் திரட்டி, "மா பொலோ அச்சி?" என்று பேசி அனுப்பினேன். அம்மா சௌக்கியமா என்று கேட்டதாக எனக்கு நினைப்பு.

உடனே பதில் வந்தது. "அண்ணா, 'அச்சி' இல்லீங்க, 'அச்சந்தி'. அம்மாவுக்கு மரியாதை வேணுமுங்க."